பத்துப் பிரதி

அச்சுக்கலையில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது சிவகாசியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அச்சு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "பிரிண்டிங் டெக்னாலஜிதானே, நல்ல படிப்பு, நம்ம ஊர்ல வேலைக்குப் பஞ்சமில்ல" என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்: நான் படிக்கப் போவது, படம் வரைந்து கையால் அச்செடுக்கும் கவின்கலை. ஆஃப்செட் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றே எங்களை வளர்த்தவர் அவர். நான் சென்னையில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறைக்கு எட்சிங் ஒன்றை, அதாவது அமிலத்தில் அரித்த தகட்டிலிருந்து எடுத்த அச்சுப் படத்தை, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதை ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கீழே பென்சிலில் 3/10 என்று எழுதியிருப்பது என்ன கணக்கு என்று கேட்டார். மொத்தம் பத்துப் பிரதி, இது மூன்றாவது என்றேன். அவருடைய மெஷின் ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம் தாள் தள்ளும். கலர் சரியாக வந்து நிற்பதற்குள்ளேயே நூற்றுக்கணக்கில் தாள் வேஸ்ட்டாகப் போகும். "பத்து அடிக்கவா பாப்பா இம்புட்டுப் படிப்பு?" என்றார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரியிடம் கேட்பது மாதிரிதான் கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை. கவின்கலை முதுகலையான எம்.எஃப்.ஏ. படித்த இரண்டு வருடமும் நான் கூடவே வைத்திருந்தது அந்தக் கேள்வியைத்தான்.

இளங்கலை எழும்பூர் ஓவியக் கல்லூரியில். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய பள்ளி அது. 1929-ல் வங்காளத்திலிருந்து வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அதன் முதல் இந்தியத் தலைவர். மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். அந்தச் சிவப்புக் கட்டடங்களுக்குள் என் கை பழகியது. ஸ்டில் லைஃப், லைஃப் ஸ்டடி, அப்புறம் பிரிண்ட்மேக்கிங். துத்தநாகத் தகட்டின் ஓரத்தை அரத்தால் சாய்வாக ராவுவது, அமிலம் புகாத கிரவுண்ட் பூசுவது, ஊசியால் கீறுவது, நைட்ரிக் அமிலத்தில் இறக்கி, கீறலில் கிளம்பும் குமிழிகளைக் கோழி இறகால் மெல்லத் தள்ளிவிடுவது, ஊறிய தாளை ஒற்றி எடுத்து பிரஸ்ஸில் வைப்பது என்று எல்லாமே அங்கே கற்றதுதான். என்ன வரைய வேண்டும் என்பதையும் பெரும்பாலும் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். சந்தை, மழை, ரயில் நிலையம். கொடுத்த பொருளில் நன்றாகச் செய்தால் நல்ல மாணவி. நான் நல்ல மாணவிதான்.

முதுகலையில் பொருள் கொடுக்க ஆளில்லை. இதை யாரும் முன்கூட்டியே எனக்குச் சொல்லவில்லை; அதனால் இப்போது படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் இதையே சொல்கிறேன். ஒரு மேசை கொடுப்பார்கள், சுவரில் ஒரு பங்கு கொடுப்பார்கள், பிரஸ் எந்த நேரம் காலியாக இருக்கும் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு நீங்களும் சுவரும்தான்.

நான் போனது சாந்திநிகேதன். அங்கே தாகூர் தொடங்கிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவுதான் கலா பவனம். அதற்கு விண்ணப்பிக்கும்போது இருந்த காரணம் எளிமையானது: அச்சுக் கலைஞர் சோம்நாத் ஹோர் வேலை செய்த இடம். அவருடைய 'காயங்கள்' வரிசையை ஒரு புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன், அதுவும் மங்கலான அச்சில். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே ஒரு கீறல், ஒரு கிழிசல், ஓரிரு இடத்தில் சிவப்புக் கசிவு. மையே இல்லாமல் ஒருவர் அச்சு எடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பல நாள் மண்டையைக் குடைந்தது.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹௌரா, அங்கிருந்து இன்னொரு ரயிலில் போல்பூர், அப்புறம் டோட்டோ. மின்சார ஆட்டோவுக்கு அங்கே டோட்டோ என்று பெயர். வழியெல்லாம் எனக்கு நினைவில் ஓடியது எங்கள் ஊர்க் கதைதான். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போனது இதே கல்கத்தாவுக்கு. திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது; லேபிளுக்காகக் கல்லில் அச்சடிக்கும் லித்தோ அச்சகம் வந்தது; அச்சகம் வந்ததால் காலண்டர் வந்தது; காலண்டரால் எங்கள் வீட்டில் சோறு. சிவகாசியிலிருந்து தொழில் கற்க வங்காளம் போவது எனக்கு முன்பே நடந்த விஷயம் என்று நினைத்தபோது கொஞ்சம் தைரியமாக இருந்தது.

போனதும் ஒரு சீனியர் சொன்ன முதல் பாடம், யாரையும் சார் என்று கூப்பிடாதே என்பது. ஆசிரியர் பெயரோடு 'தா' சேர்க்க வேண்டும், ஆசிரியை என்றால் 'தி'. தலைமுடி நரைத்தவரை அண்ணா முறை வைத்துக் கூப்பிட எனக்கு முதலில் நாக்கு எழவில்லை. பழகியபின் அதன் பயன் தெரிந்தது. மரத்தடியில் டீக் குவளையோடு உட்கார்ந்து, உங்கள் கருத்து சரியில்லை என்று ஒரு ஆசிரியரிடம் சொல்ல முடிந்தது. இளங்கலையில் நான்கு வருடமும் என் வாயிலிருந்து வராத வாக்கியம் அது.

வளாகமே ஒரு பாடம். சிற்பி ராம்கிங்கர் பைஜ் சாந்தால் பழங்குடியினரை வைத்துச் செய்த 'சாந்தால் குடும்பம்' திறந்தவெளியில் நிற்கிறது. 1938-ல் செய்தது. சிமென்டோடு அந்த ஊர்ச் செம்மண் பூமியின் சரளைக் கற்களைக் கலந்து, கம்பிக் கூட்டின்மேல் அள்ளி அள்ளி அப்பி எழுப்பியிருக்கிறார். காவடி சுமக்கும் ஆண், பக்கத்தில் பெண், கூடைக்குள் குழந்தை, கூடவே நாய். கொஞ்ச தூரத்தில் 1956-ல் செய்த 'ஆலைச் சங்கு': அரிசி ஆலைச் சங்கு ஊதிவிட்டது என்று ஈரச் சேலையைக் காற்றில் உலர்த்தியபடியே ஓடும் இரண்டு பெண்கள். என் அம்மாவும் காலண்டர் செக்‌ஷனுக்கு அப்படித்தான் ஓடுவாள், ஈரத் தலையோடு. வேலைக்கு ஓடும் பெண்ணைக் கடவுள் சிலைக்குரிய அளவில் செய்து வைக்கலாம் என்று அந்தச் சிலையைப் பார்க்கும்வரை எனக்குத் தோன்றியதில்லை.

இன்னொரு பக்கம் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனின் கறுப்பு வெள்ளைச் சுவர். ஒரு கட்டடம் முழுக்க விலங்கும் மனிதரும் செடியும் கொடியுமாக நெளிகிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1924-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது 1942 போராட்டத்தில் சிறைக்குப் போய், அதற்குப் பிறகு 1944-ல் இங்கே மாணவராக வந்து சேர்ந்தார். எண்பதைத் தாண்டிய வயதில், 2009-ல், சாரத்தில் ஏறி அந்தச் சுவரைத் திரும்ப வரைந்திருக்கிறார். மொழி தெரியாத ஊரில் தனியாக இருக்கிறோமே என்று சோர்ந்த நாட்களில் அந்தச் சுவருக்கு எதிரே போய் உட்கார்வேன்.

முதல் செமஸ்டர் வெறுமையாகப் போனது. கோபாய் ஆற்றை வரைந்தேன், சாந்தால் கிராமத்து வீட்டை வரைந்தேன், கடுகெண்ணெய் வாசனைக்கும் பொரி தின்பதற்கும் பழகினேன். செமஸ்டர் முடிவில் டிஸ்ப்ளே போட்டபோது ஒரு ஆசிரியர் ஒவ்வொரு பிரிண்ட்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இதில் உனக்கு மட்டும் தெரிந்தது எது என்று கேட்டார். அவ்வளவுதான். மார்க் குறையவில்லை. ஆனால் அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டேன். கோபாயை அங்கே பிறந்த பிள்ளைகள் என்னைவிட நன்றாக வரைந்தார்கள், அது அவர்கள் ஆறு.

கதவு திறந்தது லித்தோவில். கல் லித்தோகிராஃபியை அதுவரை நான் ஒழுங்காகச் செய்ததில்லை. பவேரியாவின் சுண்ணாம்புக் கல், ஒன்றின்மேல் ஒன்றை வைத்து இடையில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். பழைய படம் அழிந்து கல் புதிதாக வரும். பிறகு கொழுப்புப் பென்சிலால் வரைந்து, கருவேலப் பிசினில் சில சொட்டு அமிலம் கலந்து பூசி, டர்பென்டைனால் கழுவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, உருளையில் மை ஏற்ற வேண்டும். ஈரம் இருக்கும் இடம் மையைத் தள்ளும், கொழுப்பு இருக்கும் இடம் வாங்கிக்கொள்ளும். ஜெர்மனியில் செனஃபெல்டர் 1790களின் கடைசியில் கண்டுபிடித்தது. எனக்கு மூன்றாவது நான்காவது தாளிலேயே படம் முழுக்கக் கறுத்துவிடும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மை பிடித்துக்கொள்ளும்.

இரவு அப்பாவோடு போனில் பேசும்போது இதைச் சும்மா ஒரு புலம்பலாகச் சொன்னேன். அவர் உடனே, "தண்ணி பத்தல. மையும் இறுக்கமா இருக்கு போல. நடுவுல நிறுத்தினா கம் அடிக்கிறியா?" என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஆஃப்செட் மெஷினைச் சாப்பாட்டு வேளைக்கு நிறுத்தினால்கூட பிளேட்டின்மேல் கம் பூசிவிட்டுத்தான் போவார்கள், இல்லாவிட்டால் வெற்றிடத்தில் மை பிடித்துவிடும். அந்தக் கம்மும் நான் கல்லில் பூசும் பிசினும் ஒன்றுதான். கல் போய் அலுமினியத் தகடு வந்தது, தகட்டுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு ரப்பர் பிளாங்கெட் வந்தது, வேகம் கூடியது. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள பகை மாறவில்லை. நான் பட்டப்படிப்பாகப் படித்துக்கொண்டிருந்ததை என் அப்பா தினமும் எட்டு மணி நேரம் செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சே மாறிவிட்டது. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதோடு முடிந்த போன்கால், மையின் இளக்கம், குளிர்காலத்தில் ரோலர் இறுகுவது என்று நீண்டது. சாந்திநிகேதன் இருக்கும் பீர்பூம் மாவட்டத்து டிசம்பர் எங்களுக்கெல்லாம் கடுங்குளிர். தகட்டை ஹாட்பிளேட்டில் வைத்துச் சூடாக்காமல் மை கீறலுக்குள் இறங்காது. அதையும் அவரிடம் சொல்வேன். அச்சுக் கலைஞர் கிருஷ்ண ரெட்டியைப் பற்றிச் சொன்னபோதுதான் அவருக்கு ரொம்ப ஆர்வம். சித்தூர்ப் பக்கத்துக்காரர், கலா பவனத்தில் படித்தவர், சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். பிறகு பாரிஸ் போய், ஒரே தகட்டில் ஒரே அழுத்தத்தில் பல வண்ணம் எடுக்கும் வழியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். மையில் எண்ணெயைக் கூட்டிக் குறைத்து, மென்மையான ரோலர், கெட்டியான ரோலர் என்று மாற்றி உருட்டினால் ஒரு மை இன்னொன்றைத் தள்ளி அதனதன் பள்ளத்தில் நிற்கும். "நாலு பிளேட்டு இல்லாமலா?" என்று, வண்ணத்துக்கு ஒரு பிளேட் போட்டே பழகிய அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார்.

இரண்டாம் செமஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போய், அச்சகத்தில் வேஸ்ட் தாள் கட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மெஷினைச் செட் செய்யும்போது நல்ல தாளைப் பாழாக்க மாட்டார்கள். ஏற்கனவே ஓடிய வேஸ்ட் தாளையே திரும்பத் திரும்ப விடுவார்கள். அதனால் முருகன் முகத்தின்மேல் பட்டாசு லேபிள், அதன்மேல் ஜவுளிக்கடை விளம்பரம், அதன்மேல் யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை என்று படிந்து படிந்து வரும். சிறு வயதில் எங்கள் பாடப் புத்தகத்துக்கெல்லாம் அந்தத் தாளில்தான் அட்டை போடுவோம். யாரும் வரையாத, யாரும் திட்டமிடாத படங்கள். அவற்றில் ஒரு கட்டை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

முதலில் அந்தத் தாளைப் பார்த்து வகுப்பில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குத்தான் சந்தேகம். காலண்டர் சாமிப் படத்தை வேடிக்கைப் பொருளாக எடுத்துச் சுவரில் மாட்டுவது கலை உலகில் நெடுநாளாக நடக்கிற காரியம். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்குப் பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு, 1976 வரை வாழ்ந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்குள் போய் உட்கார்ந்தன. என் பாட்டி அந்த லட்சுமிக்குச் சூடம் காட்டியவள். அதை மலிவான ரசனை என்று ஒரு கண்ணடிப்போடு காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றும் படவில்லை.

பிறகு எனக்குப் பிடிபட்டது, அந்தத் தாள்களில் இல்லாத ஒன்று. கைகள் இல்லை. எத்தனை அடுக்கு இருந்தாலும் அதை அடுக்கியவர் இல்லை. காலண்டர் செக்‌ஷனில் உட்கார்ந்து தேதித் தாள் கட்டை அட்டையில் ஒட்டும் பெண்கள், தகரப் பட்டை அடிப்பவர்கள், தாளை விசிறி மாதிரி விரித்துத் தட்டி நேர் செய்யும் கை. அம்மாவின் கையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ப்ளைவுட் பலகையில் அந்தக் கைகளை ஆள் உயரத்துக்குச் செதுக்கினேன். அவ்வளவு பெரிய பலகை பிரஸ்ஸுக்குள் போகாது. வேஸ்ட் தாள்களை ஒட்டி ஒரே விரிப்பாக்கி, மை ஏற்றிய பலகைமேல் பரப்பி, ஸ்பூனின் முதுகால் நானும் இரண்டு ஜூனியர்களும் தேய்த்தே அச்சு எடுத்தோம். ஒரு பிரதிக்கு ஒரு நாள் போகும். தோள்பட்டை இற்றுப்போகும். சாமியும் லேபிளும் அடியில் மங்கலாக, மேலே கறுப்பாக அம்மாவின் விரல்கள். அதைத்தான் என் வேலை என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

சோம்நாத் ஹோரை அப்போதுதான் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். அவர் 1943 வங்கப் பஞ்சத்தில் தெருவில் கிடந்தவர்களை வரைந்தவர், 1946-ல் குத்தகை விவசாயிகளின் தேபாகா போராட்டத்துக்குள் போய்க் குறிப்பெடுத்து வரைந்தவர். அதற்கெல்லாம் பல வருடம் கழித்து, 1970களில், உருவங்களையே விட்டுவிட்டார். களிமண்ணிலோ மெழுகிலோ கத்தியால் குத்தி, சூட்டுக்கோல் வைத்து, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அதன்மேல் காகிதக் கூழை அழுத்தினார். பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை என்று முதலில் தோன்றும், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தாளே காயப்பட்டிருக்கும். நேரில் ஒன்றைப் பார்த்தபோது தொட்டுப் பார்க்கக் கை போனது. அந்த இடத்துக்கு வர ஒருவருக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது. நமக்கு நான்கு செமஸ்டர். அதற்குள் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தாலே பெரிது என்றுதான் எனக்கு அந்தக் காகிதத்தின் முன்னால் பட்டது.

அப்பா கேட்ட கணக்குக்கு வருகிறேன். அச்சு என்பதே பலருக்குப் போய்ச் சேர்வதற்காகப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட கல்கத்தாவின் பட்டலா அச்சகங்களில் மரக்கட்டைப் படங்கள் சல்லிசான விலைக்கு விற்றன. கலா பவனத்தை வழிநடத்திய ஓவியர் நந்தலால் போஸ் 1930-ல் தண்டி யாத்திரையின்போது கோலூன்றி நடக்கும் காந்தியை லினோகட்டாக, அதாவது லினோலியத்தில் செதுக்கி எடுக்கும் அச்சாக, செய்தார். கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள்தான், அது நாடு முழுக்கப் பரவியது. அதே வருடம் தாகூர் எழுதிய வங்காள அரிச்சுவடிக்கும் அவர் லினோகட் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்து வங்காளக் குழந்தைகள் பலர் இன்றும் எழுத்துப் படிக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஏன் பத்தோடு நிறுத்துகிறோம்?

தொழில்நுட்பக் காரணம் உண்டு. அமிலமில்லாமல் தகட்டில் நேரடியாகக் கீறும் டிரைபாயின்ட்டில் ஊசி கிளப்பும் உலோகப் பிசிறு பிரஸ் அழுத்தத்தில் நசுங்கிக்கொண்டே வரும், இருபது முப்பது தாளுக்குள் கோட்டின் மென்மை போய்விடும். தகட்டில் சாம்பல் சாயல் தரும் அக்வாடின்ட்டின் நுண்ணிய மணிகளும் தேயும். ஆனால் லித்தோவுக்கும் மரக்கட்டைக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே பத்து என்பது சந்தைக்காக வைத்த எண். அரிதாக இருந்தால்தான் விலை. இதை வகுப்பில் பேசியபோது காரசாரமாக வாதம் நடந்தது. விலை இல்லாவிட்டால் அச்சுக் கலைஞர் எப்படிச் சாப்பிடுவார் என்று ஒரு பக்கம், அச்சின் தர்மத்தையே விட்டுவிட்டு எதற்குச் சாப்பாடு என்று இன்னொரு பக்கம். இரவு ரத்தன்பள்ளி டீக்கடையில் அது தொடர்ந்தது. நான் படித்த படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்றால் அந்தச் சண்டைதான். ஒருவருடைய படத்தைப் பற்றி இத்தனை பேர் இத்தனை அக்கறையோடு சண்டை போடும் இடம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

என் முடிவு இது. அம்மாவின் கை மரக்கட்டைக்கு எண் போட்டேன், ஏனென்றால் தோளால் தேய்த்து எடுப்பது அவ்வளவுதான் முடியும். அந்த எண் உடம்பிலிருந்து வந்தது. அதோடு சின்ன லினோகட் ஒன்று செய்து, எண் போடாமல், அப்பாவின் அச்சகத்தில் ஒற்றைத் தாள் காலண்டராக அடித்து வரவழைத்தேன். கலா பவனத்தில் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 1, 2 தேதிகளில் நந்தன் மேளா நடக்கும். டிசம்பர் 3 நந்தலாலின் பிறந்தநாள். மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்று மாணவர் உதவி நிதிக்குச் சேர்ப்பார்கள். அங்கே என் காலண்டரை வைத்தேன். சைக்கிளில் வந்த ஒரு பள்ளிப் பையன் வாங்கினான், வளாகத்தில் கூட்டிப் பெருக்கும் ஒரு அக்கா வாங்கினார். பத்துப் பிரதியும் காலண்டரும் எனக்கு இரண்டுமே வேண்டும். அப்பாவிடம் இப்படித்தான் சொன்னேன். "காலண்டர்ல மெஜந்தா கொஞ்சம் ஏறிடுச்சு" என்பதுதான் அவர் பதில்.

படிக்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயம். தமிழ்நாட்டிலேயே சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில் எம்.எஃப்.ஏ. இருக்கிறது. வெளியே என்றால் சாந்திநிகேதன், குஜராத்தின் பரோடா. பரோடா நுண்கலைப் புலம் 1950-ல் தொடங்கியது, கே.ஜி. சுப்ரமணியன் நெடுங்காலம் கற்பித்த இன்னொரு இடம் அது. போர்ட்ஃபோலியோவில் முடித்து மெருகிட்ட படங்களை மட்டும் அடுக்காதீர்கள். ஸ்கெட்ச்புக்கைக் கொண்டுபோங்கள்; நேர்காணலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று பயப்படாதீர்கள், எனக்கும் தடுமாறியது. படத்தைக் காட்டிப் பேசும்போது சொல் தேடி வரும்.

கல்விக் கட்டணத்தைவிடப் பொருள் செலவுதான் கையைக் கடிக்கும். துத்தநாகத் தகடு, பருத்தித் தாள், மை எல்லாம் விலை. தகட்டின் இரண்டு பக்கமும் பயன்படுத்துங்கள். ஓடி முடிந்த ஆஃப்செட் அலுமினியத் தகட்டை அச்சகங்களில் பழைய சாமான் விலைக்குப் போடுவார்கள், டிரைபாயின்ட்டுக்கு அது போதும். அப்பா எனக்குச் சுருட்டிப் பார்சலில் அனுப்பியதெல்லாம் அதுதான். மரக்கட்டைக்குப் புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் நன்றாக வாங்கும்.

வேலை என்று பார்த்தால், கல்லூரியில் கற்பிக்க எம்.எஃப்.ஏ.வோடு பொதுவாக நெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். விஷுவல் ஆர்ட் பாடத்தின் எண் 79. அதில் கலை வரலாறு கணிசமாக வரும், பழைய இந்திய ஓவிய இலக்கணமான ஷடங்கம், சித்ரசூத்திரம் தொடங்கி நவீன காலம்வரை. படைப்பு வேலையில் மூழ்கி அதைத் தள்ளிப்போடாமல் முதல் வருடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவிடுவது நல்லது. படம் விற்று வாழலாம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதே சமயம், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கான படிப்பு இது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். தறி, அச்சகம், செங்கல் சூளை என்று வேலையின் நடுவே வளர்ந்த பிள்ளைகள் இந்த வகுப்புகளுக்குள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சுவர் எதிரே நிற்கும்போது அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

பிரிண்ட்மேக்கருக்குப் படிப்பு முடிந்ததும் வரும் பெரிய கேள்வி பிரஸ். ஓவியர் வீட்டு மூலையில் வரைந்துகொள்ளலாம்; எங்களுக்கு இரும்பு உருளையும் பல நூறு கிலோ எடையும் வேண்டும், புதிதாக வாங்கினால் லட்சக் கணக்கில் ஆகும். சென்னையில் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாதெமியின் ஸ்டுடியோ பலருக்கு அடைக்கலம். தெற்கே அப்படி ஒன்று வேண்டும் என்று நாங்கள் சில பேர் சேர்ந்து முயற்சி செய்கிறோம். சிவகாசியில் அச்சு மெஷின் பாகங்களுக்கு லேத் வேலை செய்யும் பட்டறைகள் நிறைய. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் எட்சிங் பிரஸ்ஸின் படத்தையும் அளவுகளையும் கொடுத்திருக்கிறோம். உருளை திருப்புவது அவருக்குப் பெரிய வேலையில்லை. இரண்டு உருளைக்கும் நடுவே ஓடும் பலகையை எவ்வளவு அகலம் வைப்பது என்பதில்தான் பேச்சு இழுக்கிறது. நான் ஆள் உயரக் கட்டை போகிற அளவு கேட்கிறேன். அப்பா, அச்சகத்தில் ஓடும் முழு டெமி அளவுத் தாள் போனால் போதும் என்கிறார்.